சின்னக் கொல்லைப்புறத்தில் நீச்சல்குளம்: பாதி மண்ணுக்குள், பாதி வெளியே

கேள்வி: சென்னையில் தனி வீடு. பின்பக்கம் 22 அடிக்கு 18 அடி காலி இடம் இருக்கிறது. சின்னதாக ஒரு நீச்சல்குளம் கட்டலாமா? என்ன அளவு, என்ன வகை, எங்கே கோட்டை விடுவோம்?

தாராளமாகக் கட்டலாம். ஆனால் அந்த இடத்தில் வருவது முங்கிக் கிடக்கிற குளம். நாலு கை வீசினால் எதிர்ச்சுவர் வந்துவிடும். இதை முதலிலேயே வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டால் அளவு தானாக அமையும்: உள்ளளவு 12 அடிக்கு 8 அடி, தண்ணீர் ஆழம் 4 அடி. கொள்ளளவு கிட்டத்தட்ட 11,000 லிட்டர், அதாவது ஒரு பெரிய டேங்கர் லாரித் தண்ணீர். நீந்தியே தீருவேன் என்பவர் இடுப்பில் பெல்ட் கட்டி, எலாஸ்டிக் கயிற்றைச் சுவர்க் கொக்கியில் மாட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே நீந்தலாம். அந்தக் கொக்கிக்கான இடத்தைக் கம்பி கட்டும்போதே சொல்லிவிடுங்கள். எதிர்நீரோட்டம் தரும் ஜெட் மெஷினை விற்கப் பார்ப்பார்கள். இந்த அளவுக் குளத்துக்கு அது வீண் செலவு.

வகையைப் பொறுத்தவரை மூன்று வழிகள். ஃப்ரேம் வைத்த ரெடிமேட் பூல் வாங்கி, கோடையில் போட்டு மழைக்கு மடித்துவைப்பது முதல் வழி. குழந்தைகளுக்காக இரண்டு மூன்று வருஷம்தான் தேவை என்றால் அதுவே போதும். ஆனால் மொட்டை மாடியில் வைக்காதீர்கள். வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ கூடுதல் பளு தாங்கும்படிதான் பொதுவாக டிசைன் செய்கிறார்கள். 4 அடித் தண்ணீர் மட்டுமே சதுர மீட்டருக்கு 1,200 கிலோ. இரண்டாவது எஃப்ஆர்பி, அதாவது ஃபைபர் பிளாஸ்டிக் தொட்டி. வேலை சீக்கிரம் முடியும், ஆனால் 12 அடித் தொட்டியைக் கிரேனில் தூக்கி வீட்டுக்குப் பின்னால் இறக்கத் தெரு அகலமும் மேலே போகிற கரண்ட் கம்பியும் இடம் கொடுக்க வேண்டும். மூன்றாவது ஆர்சிசி, அதாவது கம்பி கட்டி வார்த்த கான்கிரீட். சென்னையில் நிரந்தரமாக வேண்டும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான், அதுவும் முழுக்கப் பள்ளத்தில் இறக்காமல், பாதி தரைக்கு மேலே நிற்கிற மாதிரி.

காரணம் நிலத்தடி நீர். காலித் தொட்டி ஒரு படகு மாதிரி, சுற்றிலும் தண்ணீர் ஏறினால் மேலே தூக்கும். கணக்கைப் பாருங்கள். சுவரும் அடித்தளமும் 20 செ.மீ. கனம், சுவர் உயரம் 1.35 மீட்டர் என்றால் மொத்தக் கான்கிரீட் சுமார் 5.8 கன மீட்டர், எடை 14.5 டன். முழுத் தொட்டியும் மண்ணுக்குள் இருந்து, நீர்மட்டம் தரை வரை ஏறினால் மேல்நோக்கித் தள்ளும் விசை கிட்டத்தட்ட 18 டன். தரைக்கு ஓரடி கீழே நின்றாலே இரண்டும் சமமாகிவிடும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் தண்ணீர் அந்த மட்டத்துக்கு வருவது புதிதல்ல. குளம் நிறைந்திருக்கும் வரை பயமில்லை. “மழைதானே, காலி செய்து கழுவி வைக்கலாம்” என்று யாராவது மோட்டார் போட்டு இறைக்கும்போதுதான் தொட்டி ஒரு பக்கம் எழும்பும், பைப் முறியும். எஃப்ஆர்பி தொட்டியின் எடை இதில் சின்னப் பங்குதான், அது இன்னும் சுலபமாகக் கிளம்பிவிடும்.

சுவரில் 2 அடியைத் தரைக்கு மேலே விட்டால் அடித்தளத்தின் அடிப்பாகம் 95 செ.மீ. ஆழத்தில்தான் இருக்கும். நீர் தரை வரை வந்தாலும் தூக்கும் விசை 11 டன்னைத் தாண்டாது, 14.5 டன் எடை அதை அமுக்கிவிடும். கூடவே வேறு லாபங்களும் உண்டு. மழைநீரும் சேறும் குளத்துக்குள் வழியாது. வெளிச்சுவரே உட்காரும் திண்ணையாகிவிடும். தோண்டும் ஆழம் மூன்றரை அடியோடு நிற்பதால் மதில் சுவரின் அஸ்திவாரத்துக்குச் சேதாரம் குறைவு. பழைய மதில்களுக்கு அஸ்திவாரம் ஆழமே இருக்காது என்பதால், தோண்டும் ஆழத்துக்குக் குறையாத தூரத்தை மதிலிலிருந்து விடுங்கள். உங்கள் இடத்தில் பின்மதிலிலிருந்தும் பக்கமதில்களிலிருந்தும் 4 அடி விட்டாலும் வீட்டுப் பக்கம் நாலரை அடி நடைபாதை மிஞ்சும். செப்டிக் டேங்கும் குடிநீர் சம்பும் எங்கே இருக்கின்றன என்பதைத் தோண்டுவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள். பக்க இடைவெளியில் கட்டுவதற்கு அனுமதி தேவையா என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தரைக்கு மேலே நிற்கும் பாகத்தைச் செங்கல்லில் கட்டிப் பூசிவிடலாம் என்று மேஸ்திரி சொல்லுவார். கூடாது. அங்கே வெளியிலிருந்து தாங்க மண் இல்லை, தண்ணீரின் அழுத்தம் முழுவதையும் சுவரே தாங்க வேண்டும். அடியிலிருந்து விளிம்பு வரை ஒரே ஆர்சிசி. எம்30 கான்கிரீட், 10 எம்எம் கம்பி 6 அங்குல இடைவெளியில் இரண்டு வலை, சுவரின் உள்முகத்தில் ஒன்று, வெளிமுகத்தில் ஒன்று. உங்கள் மண்ணைப் பார்த்து ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் இதை மாற்றினால் அவர் சொன்னபடி செய்யுங்கள்.

கசிவு பெரும்பாலும் இரண்டே இடத்தில் வரும். ஒன்று, அடித்தளமும் சுவரும் சேரும் ஜாயிண்ட். அடித்தளத்தோடு சேர்த்தே 6 அங்குலச் சுவரையும் வார்த்து, அந்த மட்டத்தில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் பிவிசி வாட்டர் ஸ்டாப் பட்டையைப் பாதி புதைத்து நிறுத்த வேண்டும். மறுநாள் மீதிச் சுவரை வார்க்கும்போது பட்டை மடிந்து கிடந்தால் அது இருந்தும் பிரயோஜனமில்லை. கம்பியோடு கட்டி நிமிர்த்தியிருக்கிறதா என்று கான்கிரீட் இறங்குவதற்கு முன் நீங்களே எட்டிப் பாருங்கள். இரண்டு, சுவரைத் துளைத்துப் போகும் பைப். வார்த்து முடித்த பிறகு சுத்தியலால் உடைத்து நுழைத்த பைப் என்றைக்காவது ஒழுகத்தான் செய்யும். ஸ்கிம்மர் (மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் வாய்), ரிட்டர்ன் (ஃபில்டரிலிருந்து தண்ணீர் திரும்பி வரும் வாய்), வடிகால், லைட் எல்லாவற்றையும் சென்டரிங்கிலேயே பொருத்தி, பைப்பை அடைத்து 2 பார் அழுத்தத்தில் ஒரு நாள் வைத்துப் பார்த்த பிறகே கான்கிரீட். குறைந்தது 14 நாள் க்யூரிங், பிறகு டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஒரு வாரம் தண்ணீர் நிரப்பிச் சோதனை. மட்டம் இறங்கினால் உடனே பதறாதீர்கள். ஒரு பக்கெட்டில் தண்ணீர் ஊற்றிப் படிக்கட்டில் வைத்து, பக்கெட்டும் குளமும் ஒரே அளவு இறங்குகின்றனவா என்று பாருங்கள். வெயிலில் நாளைக்கு 5, 6 மில்லிமீட்டர் ஆவியாவது சகஜம். குளம் அதிகமாக இறங்கினால்தான் கசிவு.

படிக்கட்டுக்குத் தனி இடம் ஒதுக்க வேண்டாம். 8 அடிப் பக்கம் முழுக்க 18 அங்குல அகலத்தில் ஒரு பெஞ்ச் கட்டினால் அதுவே படி, அதுவே இருக்கை. மேல் விளிம்புக்கு ஃப்ளேம் செய்த (தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய) வெளிர் கிரானைட் போடுங்கள். கறுப்புக் கல் மே மாதத்தில் பாதத்தைச் சுட்டுவிடும். குளத்துக்கு மேற்கே நிழல் கிடைத்தால் நல்லது, ஆனால் வேப்பமரமும் முருங்கையும் தலைக்கு மேலே வேண்டாம். அந்தச் சின்ன இலைகள் ஸ்கிம்மர் கூடையிலும் நிற்காது.

ஃபில்டருக்கு 16 அங்குல மணல் ஃபில்டரும் தானே தண்ணீரை இழுத்துக்கொள்ளும் அரை எச்பி செல்ஃப் பிரைமிங் பம்பும் போதும். மணிக்கு 3,000 லிட்டர் ஓடினாலே நாலு மணி நேரத்துக்குள் மொத்தத் தண்ணீரும் ஒரு சுற்று வந்துவிடும். பெரிய பம்ப் போட்டால் மணலைக் கிழித்துக்கொண்டு அழுக்கு திரும்பக் குளத்துக்கே வரும். தினம் ஆறு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாத மின் பில்லில் ஏறத்தாழ 200 யூனிட் கூடும், அதுவும் மேல் ஸ்லாபில். பிரஷர் கேஜ் சுத்தமான நிலையைவிட அரை பார் ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டி மணலைக் கழுவுவது, மூன்று நிமிஷம். அதில் 300 லிட்டர் வரை போகும். அந்தக் குளோரின் தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள். அடியில் ஒற்றை வடிகால் மட்டும் வைத்தால் முடியையோ உடம்பையோ இழுத்துப் பிடித்துவிடும் ஆபத்து உண்டு. மூன்றடி தள்ளி இரண்டு வடிகால்கள், கவிழ்ந்த கிண்ண வடிவ மூடியோடு, ஒரே பைப்பில் சேர வேண்டும்.

ரசாயனத்தில் நடக்கும் தவறுகளில் முதலிடம் ப்ளீச்சிங் பவுடருக்கு. சுண்ணாம்பு படிந்து தண்ணீர் பால் மாதிரி ஆகிவிடும். 65 சதவீதக் குளோரின் குருணை வாங்குங்கள். 11,000 லிட்டருக்கு 17 கிராம் போட்டால் குளோரின் 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) ஏறும். எப்போதும் 1 முதல் 3 பிபிஎம்முக்குள், பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.6 வரை. பொழுது சாய்ந்த பிறகு, பக்கெட் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். வெயில் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் ஆரம்பத்தில் ஒரு தடவை சயனூரிக் ஆசிட் 330 கிராம் சேர்த்தால் 30 பிபிஎம் கிடைக்கும். இதே ஆசிட் கலந்த டிசிசிஏ (TCCA) குளோரின் மாத்திரையையே நம்பினால் இந்த ஆசிட் கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் எவ்வளவு குளோரின் போட்டாலும் பாசி போகாது. பாதித் தண்ணீரை மாற்றுவதுதான் அதற்கு வழி. அந்த மாத்திரையையும் குருணையையும் ஒரே டப்பாவில் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அளக்கும் கரண்டி கூடத் தனித்தனியாக இருக்கட்டும். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் குளோரின் பட்டதும் செம்மண் நிறமாகும். நிரப்புவதற்கு முன் ஒரு பக்கெட்டில் குளோரின் போட்டுப் பார்த்துவிடலாம்.

லைட் 12 வோல்ட் மட்டும், டிரான்ஸ்ஃபார்மர் குளத்திலிருந்து தள்ளி. பம்ப் லைனுக்குத் தனி எர்த்திங், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி. 2 அடித் திண்ணை குழந்தைக்குத் தடுப்பு ஆகாது, ஏறிவிடும். நாலடி வேலியும் தானாக மூடிக்கொள்ளும் கதவும் போட்ட பிறகே தண்ணீர் நிரப்புங்கள். ஊருக்குப் போகும்போது பம்பை நிறுத்திவிட்டுப் போனால் குளோரின் இறங்கி, பத்து நாளுக்குள் கொசுப்புழு வந்துவிடும். டைமரில் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் யாரிடமாவது குளோரின் போடச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.