மார்பகச் சுயபரிசோதனை உயிரைக் காக்குமா?
திருப்பூர் பனியன் கம்பெனிப் பெண்கள் மாதந்தோறும் மார்பகத்தைத் தாங்களே பரிசோதித்தால் புற்றுநோய் இறப்பு குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய இவர்களைப் போன்றவர்களிடமே இது ஆராயப்பட்டது: ஷாங்காய் நகர ஜவுளி ஆலைகளின் சுமார் 2,66,000 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு முறையாகப் பயிற்சியளித்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2002இல் வெளியிட்ட முடிவில், இரு பிரிவிலும் இறப்பு சமமாகவே இருந்தது, தீங்கற்ற கட்டிகளுக்கான திசுச் சோதனைகள்தாம் கூடின. மும்பையிலோ, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தபோது, ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ஆகவே மாதக் கணக்கைவிட, குளிக்கும்போது தட்டுப்படும் கட்டி, புதிதாக உள்ளிழுத்த காம்பு, இரத்தக் கசிவு, ஆரஞ்சுத் தோல்போல் குழிந்த சருமம் ஆகியவற்றை, வலிக்கவில்லையே என்றோ (தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது) மாரியம்மன் நோம்பி முடியட்டும் என்றோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுவதையே நான் வலியுறுத்துவேன்.