மருத்துவத்தில் சமீபத்தில் வந்த கண்டுபிடிப்புகளில் உங்கள் வீட்டுவாசல் வரை வந்தது எது?

எனக்கு அது நான்கு மாத்திரைகள். பெடாக்குயிலின், பிரெட்டோமானிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின். இந்த நான்கும் சேர்ந்த சிகிச்சைக்கு ‘பிபால்எம்’ என்று பெயர். வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோயை ஆறு மாதத்தில், ஒரு ஊசிகூடப் போடாமல் குணப்படுத்த வந்திருக்கிறது. ‘ஊசி போடாமல்’ என்பதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்தப் பதில்.

நாங்கள் மும்பை தாராவியில், 90 அடி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறோம். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு வந்த குடும்பம். 2012-இல் என் அக்காவுக்கு டி.பி. வந்தது. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் சளியில் கிருமி குறையவில்லை. காசநோய்க்கு முதலில் கொடுக்கும் முக்கிய மருந்துகளான ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்குமே அடங்காத வகை என்று பிறகுதான் தெரிந்தது. அந்த ஆண்டு தொடக்கத்தில், மும்பை இந்துஜா மருத்துவமனையில் டாக்டர் ஜரீர் உத்வாடியாவின் குழு எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோயைக் கண்டதாகச் செய்தி வந்து ஊரே பேசிக்கொண்டிருந்தது. ‘எந்த மருந்துக்கும் கட்டுப்படாதது’ என்று பெயரிட்டது சரியா, தவறா என்று நிபுணர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அம்மா அந்தச் செய்தித்தாளை அக்கா கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குக் கீழே ஒளித்து வைத்தார்.

அக்காவுக்கு இரண்டாண்டுச் சிகிச்சை. முதல் ஆறு மாதமும் வாரத்தில் ஆறு நாள் கனமைசின் ஊசி. இடுப்பில் உட்காரவும் முடியாத வலி. அதையும் தாங்கிக்கொண்டாள். மூன்றாவது மாதம் வேறொன்று நடந்தது. எங்கள் சந்தில் விடியற்காலையில்தான் தண்ணீர் வரும். வருவதற்குச் சற்று முன்பு குழாயில் காற்று சீறும். அந்தச் சீறல் கேட்டு முதலில் எழுந்து குடத்தை வைப்பவள் அக்காதான். ஒரு நாள் அவள் எழவில்லை. அசதி என்று நினைத்தோம். மறுநாளும் எழவில்லை. நாலாம் நாள் குழாயடியில் அவள் பக்கத்திலேயே நின்றபோது கேட்டேன்: “அக்கா, காற்று சத்தம் கேட்கிறதா?” அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கனமைசின் உட்காதில் இருக்கும் நுண்மயிர் செல்களைக் கொல்லும். மெல்லிய கீச்சொலியை உணரும் செல்கள் முதலில் சாகும். பேச்சொலி பிறகு போகும். மனிதர்களுக்கு அந்தச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை. மாதந்தோறும் காதைச் சோதித்திருந்தால் குழாயின் சீறல் போன கட்டத்திலேயே மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஊசி போட்ட இடத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை. கையில் கொடுத்த தாள் மராத்தியில் இருந்தது; அக்காவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். நோய் போனது. காதும் போனது.

இத்தனைக்கும் 2012 டிசம்பரிலேயே அமெரிக்காவில் பெடாக்குயிலினுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு காசநோய்க்கென்று வந்த முதல் புது வகை மருந்து அது. கிருமி தனக்கு வேண்டிய ஆற்றலைத் தயாரிக்கும் நொதியையே பிடித்து நிறுத்திவிடுகிறது. இந்தியாவில் அது 2016-இல்தான், அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய மையங்களில் வந்தது. கனமைசினைக் கைவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2018-இல்.

மருந்து கண்டுபிடித்தால் போதாது, அது கைக்கு எட்டவும் வேண்டும். இதற்காகப் போராடியவர்களில் மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசனை நான் மறக்கவே மாட்டேன். காசநோய்ச் சிகிச்சையில் செவித்திறனை இழந்தவர். தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேவும் அப்படியே. இருவரும் சேர்ந்து 2019-இல், பெடாக்குயிலினின் காப்புரிமையை மேலும் நான்கு ஆண்டு நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் போட்ட விண்ணப்பத்தை எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. அந்தச் செய்தியை அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டுத் தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

நான்கு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அதைப் பெற்றவர்களில் 89 சதவீதம் பேர் நல்ல முடிவை எட்டினார்கள். பழைய சிகிச்சையில் 52 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது, இந்தியா 2024 செப்டம்பரில் ஏற்றது. நடுவில் போன அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

போன ஆண்டு எங்கள் சந்திலேயே ஒரு கல்லூரிப் பையனுக்கு இதே வகை நோய். பிபால்எம் கொடுத்தார்கள். நான்தான் கூடப் போய்வந்தேன். எல்லாம் சுகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது மாதம் பாதம் எரிகிறது என்று இரவில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு படுத்தான். லினசோலிட் நரம்பைத் தாக்கும், இரத்தத்தைக் குறைக்கும், கண்பார்வையையும் கெடுக்கலாம். மருத்துவர் அளவைக் குறைத்தார். பெடாக்குயிலின் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும் என்பதால் இசிஜி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். பெடாக்குயிலினுக்கே அடங்காத கிருமிகள் இப்போதே தலைகாட்டத் தொடங்கிவிட்டன. அதனால்தான் மருந்தை இடையில் நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்தால் நான் சண்டையே போடுகிறேன்.

இன்னொரு சர்ச்சை சோற்றைப் பற்றியது. 1950-களின் பிற்பகுதியில் சென்னையில் நடந்த புகழ்பெற்ற ஆய்வு, சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்க்காமல் வீட்டில் வைத்தே, எளிய சாப்பாட்டோடு காசநோயைக் குணப்படுத்தலாம் என்று நிரூபித்தது. உலகத்துக்கே வழிகாட்டிய ஆய்வு. ஆனால் சாப்பாடு அவ்வளவு முக்கியமில்லை என்றும் பலர் அதற்குப் பொருள் கொண்டுவிட்டார்கள். 2023-இல் வெளிவந்த ஜார்க்கண்ட் ஆய்வு அந்த எண்ணத்தை உலுக்கியது. நோயாளியின் வீட்டிலிருப்பவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்தார்கள். அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும்தான்! நோயாளிக்கு அரசு தரும் ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பரில் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயானது. நல்ல காரியம். ஆனால் பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில், மற்ற நால்வரின் தட்டையும் யாராவது பார்க்க வேண்டும்.

பையன் ஆறு மாதத்தையும் முடித்துவிட்டான். சளியில் கிருமி இல்லை, எடை கூடியிருக்கிறது. அந்த ஆறு மாதமும் அக்கா தினம் அவனுக்கு இரண்டு முட்டை அவித்துக் கொண்டுபோனாள். கூடவே ஒரு நோட்டு. கண் எப்படி, கால் எரிச்சல் எப்படி என்று எழுதிக் கேட்பாள். அவன் பதில் எழுதுவான். இந்தச் சிகிச்சையில் ஊசி கிடையாது, காதுக்குப் பயமில்லை என்று நான் எத்தனையோ முறை அதே நோட்டில் எழுதிக் காட்டினேன். தலையாட்டுவாள். மறுநாள் பக்கத்தில் முதல் வரி மறுபடியும் அதுவாகத்தான் இருக்கும்: “காலையில் குழாய்ச் சத்தம் கேட்டதா, தம்பி?”