சுவிட்ச் முதலா, மரபணு முதலா?

ஐயா,

ஈ. கோலை பாக்டீரியாவில் லாக்டோஸ் சர்க்கரையைப் பயன்படுத்த உதவும் மரபணுத் தொகுதியான லாக் ஓபரானைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். லாக்டோஸ் இல்லாதபோது ரெப்ரஸர் புரதம் டி.என்.ஏ. மீது அமர்ந்து மரபணுக்களை அடக்கி வைக்கிறது, லாக்டோஸ் வந்ததும் விலகுகிறது. இதுவரை புரிகிறது. ஆனால் மரபணுவைப் படியெடுக்கத் தொடங்கவைக்கும் டி.என்.ஏ. பகுதியான புரோமோட்டர், ரெப்ரஸர் அமரும் இடமான ஓபரேட்டர், ரெப்ரஸர் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தானே இது நடக்கும்? ஒன்று மட்டும் முதலில் தோன்றினால் அதனால் என்ன பயன்? படிப்படியாக இது எப்படி உருவாகியிருக்க முடியும்?

அன்புள்ள நண்பருக்கு,

மூன்றும் கச்சிதமாகப் பொருந்திய பிறகுதான் பயன் தொடங்கும் என்று எடுத்துக்கொள்வதால் வரும் சிக்கல் இது. பெரும்பாலும் நடப்பது வேறு. ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கும் ஒரு புரதம் புதிய இடத்தில் அரைகுறையாக ஒட்டுகிறது. அந்த ஒட்டுதலால் கொஞ்சம் நன்மை கிடைத்தாலே போதும். மீதியைச் சடுதிமாற்றங்களும் இயற்கைத் தேர்வும் பார்த்துக்கொள்ளும்.

புரோமோட்டர் கிடைப்பது நாம் நினைப்பதைவிட எளிது. ஈ. கோலையில் படியெடுத்தல் (மரபணுவை ஆர்.என்.ஏ.வாக நகலெடுப்பது) தொடங்கும் புள்ளிக்குச் சுமார் 10 டி.என்.ஏ. எழுத்து முன்னால் டி-ஏ-டி-ஏ-ஏ-டி, சுமார் 35 எழுத்து முன்னால் டி-டி-ஜி-ஏ-சி-ஏ, இரண்டுக்கும் நடுவே 17 எழுத்து இடைவெளி: இது இலட்சிய வடிவம். நிஜத்தில் பல புரோமோட்டர்கள் இதிலிருந்து சில எழுத்துகள் விலகியே இருக்கின்றன. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் லாக் புரோமோட்டரை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஏறக்குறைய 100 எழுத்து நீளமுள்ள தற்செயல் வரிசைகளை வைத்துப் பார்த்தார்கள். சுமார் 10 சதவீத வரிசைகள் எந்த மாற்றமும் இல்லாமலே மரபணுவை இயக்கின. சுமார் 60 சதவீதத்துக்கு ஒரே ஓர் எழுத்து மாறினால் போதுமாக இருந்தது.

ஒழுங்குபடுத்தும் புரதம் வேலை மாறுவதைக் கண்முன் காட்டியது 2015இல் வெளியான சூடோமோனாஸ் ஃபுளோரசென்ஸ் என்ற பாக்டீரியாவில் நடந்த பரிசோதனை. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது. பாக்டீரியா நீந்த உதவும் வால் போன்ற இழை கசையிழை; அதன் மரபணுக்களை இயக்கும் தலைமைப் புரதம் ஃபிளெக்யூ. ஃபிளெக்யூவின் மரபணுவை நீக்கினார்கள். வழுக்கிப் பரவவும் வழியில்லாதபடி, பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருளைச் சுரக்கும் திறனையும் நீக்கினார்கள். பிறகு அந்தச் செல்களை 0.25 சதவீத அகார் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) தட்டின் நடுவில் வைத்தார்கள். வழக்கமான 1.5 சதவீத அகாரில் நீச்சல் நடக்காது. இவ்வளவு நெகிழ்வான அகாரில்தான் கசையிழை உள்ள செல் உள்ளுக்குள்ளேயே நீந்த முடியும். நீந்த முடியாத செல்கள் நடுவில் குவிந்து, சுற்றியிருந்த உணவைத் தீர்த்துவிட்டுப் பட்டினி கிடந்தன. நகரத் தெரிந்த ஒரு செல் தோன்றினாலும் உணவு முழுவதும் அதற்குத்தான். 96 மணி நேரத்துக்குள் கசையிழையோடு நீந்தும் செல்கள் வந்துவிட்டன.

அது நடந்த வரிசையைக் கவனியுங்கள். நைட்ரஜன் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் என்டிஆர்சி என்ற புரதம், ஃபிளெக்யூவுக்குத் தூரத்து உறவு. முதல் சடுதிமாற்றம் என்டிஆர்சியில் விழவில்லை. அதற்குப் பாஸ்பேட் ஏற்றி இயக்கும் என்டிஆர்பி போன்ற, அதைக் கட்டுப்படுத்தும் புரதங்களில் விழுந்தது. விளைவாக, பாஸ்பேட் ஏறிய என்டிஆர்சி செல்லுக்குள் அளவுக்கு மீறிப் பெருகியது. கசையிழை மரபணுக்களோடு அதன் பொருத்தம் சுமார்தான், ஆனால் எண்ணிக்கை அந்தக் குறையை ஈடுகட்டியது. செல் மெதுவாக நீந்தத் தொடங்கியது. இதற்கு விலையும் உண்டு: நைட்ரஜனை எடுத்துப் பயன்படுத்தும் ஒழுங்கு குலைந்தது. இரண்டாவது சடுதிமாற்றம்தான் என்டிஆர்சியிலேயே விழுந்து, அதை நைட்ரஜன் வேலையிலிருந்து விலக்கிக் கசையிழைப் பக்கம் திருப்பியது. நீச்சல் வேகமெடுத்தது. இடைப்பட்ட படியில் இருந்த செல்லும் பட்டினியிலிருந்து தப்பியது என்பதுதான் முக்கியம். கச்சிதமான பொருத்தம் வரும்வரை அது காத்திருக்கவில்லை.

லாக் ரெப்ரஸரும் இதே போன்ற ஒட்டுவேலைதான். அதில் சர்க்கரையைப் பிடிக்கும் பகுதி, செல்லின் உள்சவ்வுக்கும் வெளிச்சவ்வுக்கும் நடுவே ரைபோஸ் போன்ற சர்க்கரைகளைப் பிடிக்கும் புரதங்களின் உறவு. டி.என்.ஏ.வைப் பிடிக்கும் சிறு பகுதி அதன் முனையில் இணைந்திருக்கிறது.

ஓபரேட்டருக்கு வருவோம். அடக்கம் என்பது இருக்கிறது, இல்லை என்ற இரண்டே நிலை அல்ல. லாக் ஓபரானில் மூன்று ஓபரேட்டர்கள் உண்டு. மூன்றும் இருந்தால் வெளிப்பாடு சுமார் 1,300 மடங்கு அடங்குகிறது. துணை ஓபரேட்டர்கள் இரண்டையும் அழித்து முதன்மையானதை மட்டும் விட்டால் சுமார் 18 மடங்கு. தேவையில்லாத நேரத்தில் லாக் ஓபரான் தரும் நொதிகளை முழுவீச்சில் தயாரித்தால் ஈ. கோலையின் வளர்ச்சி சில சதவீதம் குறையும். அதனால் அந்த 18 மடங்கு அடக்கமே, ரெப்ரஸர் இல்லாத செல்லை வெல்லப் போதும்.