சங்க ரசீதை நம்பிக் கடை வாங்கலாமா?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறையில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறேன். கஞ்சிக்கோடு அருகே 40 சென்ட் இடத்தில் 22 கடைகளுடன் ஒரு வணிக வளாகம் கட்டுகிறார்கள். அதில் ஒரு கடை 28 லட்சம் ரூபாய். தரகர், வணிகக் கட்டிடத் தொழில் சங்கத்தின் உறுப்பினர் அட்டையைக் காட்டி, “ஐந்து லட்சத்தைச் சங்க ரசீதில் கட்டுங்கள், எது நடந்தாலும் சங்கம் பொறுப்பு” என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். அந்தப் பதிவு சங்கத்துக்குப் பெயர் தருமே தவிர, உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு தராது. கட்டிட விதி, வரி, மின் இணைப்புக் கட்டணம் என்று தொழிலுக்கு இடைஞ்சல் வரும்போது அரசிடம் போய்ப் பேசுவது, உறுப்பினர்களுக்குள் கமிஷன் தகராறு வந்தால் தீர்த்துவைப்பது, ஒழுங்கு தவறியவரை நீக்குவது ஆகியவைதான் இத்தகைய சங்கங்களின் வேலை. 1999இல் தொடங்கிய கிரெடாய் போன்ற பெரிய அமைப்பும் கட்டுநர்களின் அமைப்புதான். வாங்குபவருக்குப் பணத்தைத் திருப்பித் தரும் காப்பீட்டு நிறுவனமல்ல.

அந்த ரசீதை வாங்கிப் படித்துப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்கள் நீட்டும் ரசீதுகளில் மேலே பெரிய எழுத்தில் சங்கத்தின் பெயர், கீழே ஊதா மையில் வட்ட முத்திரை, நடுவே பொடி எழுத்தில் ‘சந்தா / நன்கொடை’ என்று இருக்கும். கடை எண்ணும் இருக்காது, கட்டுநர் பெயரும் இருக்காது. நாளை வழக்கு என்று வந்தால் நீங்கள் சங்கத்துக்கு ஐந்து லட்சம் நன்கொடை கொடுத்த கொடையாளி! 2024 ஆகஸ்டில் பாலக்காடு தொழில் நகரத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிறகு, வாளையாரிலிருந்து புதுசேரி வரை இந்த அட்டைக்காரர்களின் நடமாட்டம் பெருகிவிட்டது.

உங்களுக்கு வேண்டியது இரண்டு பதிவு எண்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி (ரெரா) இந்த வளாகமும் பதிவாகியிருக்க வேண்டும், தரகரும் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். “அதெல்லாம் பிளாட் வீடுகளுக்கு, கடைகளுக்கு இல்லை” என்று சொல்வார்கள். பச்சைப் பொய். கடை, அலுவலகம், கிடங்கு மூன்றையும் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. வளாகம் பதிவாவதற்கு முன் முன்பதிவு வாங்குவதே தவறு. பதிவில்லாத தரகருக்கு நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் உண்டு.

இன்னொன்று. பதிவு செய்த கிரய ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது. 28 லட்சத்துக்கு அது 2 லட்சத்து 80 ஆயிரம். அதையும் கட்டுநரின் வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்துங்கள். தரகர் ஐந்து லட்சம் கேட்கும்போதே அவருக்குச் சட்டம் தெரியவில்லை, அல்லது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் எண் கேட்டதும் பேச்சு மாறும். “வாங்க வேண்டாம், முதலில் வாடகைக்கு எடுங்கள், பெரிய அட்வான்ஸ் கொடுங்கள், பிறகு கிரயம் பார்க்கலாம்” என்பார். ஒப்புக்கொண்டால் ரெராவின் பாதுகாப்பு போயிற்று. வாடகைக்கு எடுப்பவரை அந்தச் சட்டம் ஒதுக்கீடு பெற்றவராகவே, அதாவது வாங்குபவராகவே, கருதுவதில்லை. வாடகை பேசும் தரகரும் அதன் பிடியில் வரமாட்டார். அப்போது உங்களுக்கு மிஞ்சுவது 1965ஆம் ஆண்டின் கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான், அதுவும் உங்கள் பகுதிக்கு அது அறிவிக்கப்பட்டிருந்தால். உரிமையாளர் தன் சொந்தத் தேவைக்கென்று காலி செய்யச் சொன்னாலும், அந்தக் கடை வருமானமே முக்கியப் பிழைப்பு, அப்பகுதியில் பொருத்தமான வேறு கட்டிடம் இல்லை என்று நிரூபிப்பவருக்கு அதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் பதினொரு மாத ஒப்பந்தத்தை நீட்டுகிறார்கள். ஆகவே வாடகை என்ற பேச்சை எடுத்தால், கிரயத்துக்கென்று ஒரு பைசாவும் அதோடு சேர்க்காதீர்கள்.

சங்கத்தால் பயனே இல்லையா என்றால், உண்டு. கட்டுநர் சங்கங்களும் நுகர்வோர் சங்கங்களும் அமைக்கும் சமரச மன்றங்களுக்கு ரெரா சட்டமே இடம் தருகிறது. தகராறு வந்தால் அங்கும் ஒரு மனு கொடுங்கள். ஆனால் முறையான புகாருக்குக் கேரள ரெரா ஆணையத்திடம்தான் போக வேண்டும். அது திருவனந்தபுரத்தில் இருக்கிறது. நம் சித்தூர் தாலுகாவில் இத்தனை ஆயிரம் தமிழர்கள் கடை வைத்துப் பிழைக்கிறோம். இந்தச் சட்டத்தைப் பற்றித் தமிழில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக்கூட எந்தப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் நான் பார்த்ததில்லை. பதிவு பெற்ற தரகர்களின் பட்டியலை அச்சடித்துச் சுவரில் ஒட்ட எத்தனை ரூபாய் ஆகிவிடும்? மக்களுக்குத் தெரியாத இடத்தில்தான் உறுப்பினர் அட்டை உரிமம் போல நடமாடுகிறது.

தரகர் அடுத்த முறை வரும்போது இரண்டு எண்களையும் எழுதி வாங்குங்கள். கேரள ரெரா இணையதளத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளைவிட்டுத் தேடச் சொல்லுங்கள். எண் கிடைத்தால், வில்லங்கச் சான்றைச் சார்பதிவாளர் அலுவலகத்திலும், அந்த 40 சென்ட் வரிப் பதிவேட்டில் வயலாகக் கிடக்கிறதா என்பதைக் கிராம அலுவலகத்திலும் பார்த்த பிறகு கட்டுநரிடம் நேரில் பேசுங்கள். வயல் என்றிருந்தால், 2008ஆம் ஆண்டின் நெல்வயல் பாதுகாப்புச் சட்டப்படி நிலத்தின் வகையை மாற்றிய உத்தரவைக் கேளுங்கள். அதைக் காட்டாதவரிடம் கடை வாங்க வேண்டாம்.