அப்டேட் அழுத்தினால் காலியாகும் ரசீது எண்

வேர்ட்பிரஸ் பதிவைத் திருத்தும் பக்கத்தில் ரசீது எண்ணைக் காட்டும் பெட்டி, அப்டேட் அழுத்தியதும் ஏன் காலியாகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பெட்டிக்கு டிஸேபிள்ட் (disabled, முடக்கப்பட்டது) என்று போட்டிருப்பதால்தான் எண் காணாமல் போகிறது. அதை ரீட்ஒன்லி (readonly, படிக்க மட்டும்) என்று மாற்றுங்கள்.

டிஸேபிள்ட் பெட்டியின் மதிப்பைப் பிரவுசர் படிவத்தோடு அனுப்பவே அனுப்பாது. பதிவைச் சேமிக்கும்போது ஓடும் சேவ் போஸ்ட் (save_post) ஹூக்கில் உள்ள உங்கள் கோடு, வராத மதிப்பை வெற்று எழுத்தாக எடுத்துக்கொண்டு பழையதன் மேல் எழுதிவிடுகிறது என்று நினைக்கிறேன். மதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கும் இஸ்செட் (isset) சோதனை அதில் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

உறுதிசெய்ய, நீங்கள் பயன்படுத்துவது கிளாசிக் எடிட்டர் (வேர்ட்பிரஸ்ஸின் பழைய எடிட்டர்) என்றால் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் டேபைத் திறந்து அப்டேட் அழுத்துங்கள். போஸ்ட் (POST) கோரிக்கையின் பேலோடில், அதாவது அனுப்பப்படும் தரவில், அந்தப் புலத்தின் பெயரே இல்லையென்றால் காரணம் இதுதான்.

ஆனால் ரீட்ஒன்லி ஒரு பூட்டு அல்ல. இன்ஸ்பெக்டில் அதை அழித்துவிட்டு யாரும் எண்ணை மாற்றலாம். செலக்ட், செக்பாக்ஸுக்கு அது வேலையும் செய்யாது. ரசீது எண் மாறவே கூடாது என்றால் இன்புட்டே எதற்கு? எஸ்கேப் செய்து (HTML குறிகள் கோடாக வேலை செய்யாதபடி மாற்றி) வெறும் எழுத்தாகக் காட்டுங்கள், சேமிக்கும் ஃபங்ஷனிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

அப்புறம், மெட்டா கீ (ரசீது எண்ணைச் சேமிக்கும் பெயர்) அடிக்கோட்டில் ( _ ) தொடங்கட்டும். இல்லாவிட்டால் வேர்ட்பிரஸ்ஸின் சொந்த கஸ்டம் ஃபீல்ட்ஸ் பகுதியில் அது திருத்தக்கூடியதாகவே தெரியும்.