அறையில் எல்லோரும் குடிக்கிறார்கள் என்ற எண்ணம் குறித்து

வணக்கம். விடுதி அறையில் வார இறுதிக் குடியைப் பற்றிய பேச்சே ஓயாமல் நடக்கிறது என்றும், குடிக்க விரும்பாத நீங்கள் மட்டும் தனித்து நிற்பதாகத் தோன்றியதால் இரண்டு முறை இணங்கிவிட்டீர்கள் என்றும், அறையை மாற்றிவிடலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் உண்மையிலேயே தனித்து நிற்கிறீர்களா என்பதையே நான் முதலில் சந்தேகிப்பேன்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் ஆகியோர் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வில், வளாகத்துக் குடிப்பழக்கம் குறித்துத் தமக்கு இருக்கும் தயக்கம் மற்றவர்களுக்கு அவ்வளவாக இல்லை என்றே மாணவர்கள் நினைத்திருந்தனர். ஆண் மாணவர்களின் சொந்தக் கருத்தோ நாளடைவில் அந்தத் தவறான கணிப்பை நோக்கியே நகர்ந்தது. பேச்சின் இயல்பும் இதற்கு ஒரு காரணம் என்பேன்: அளவுமீறிக் குடித்த இரவு பல நாள் கதையாகிறது, குடிக்காமல் உறங்கிய இரவை எவரும் சொல்வதில்லை (சொன்னாலும் யார் கேட்கப் போகிறார்கள்?).

ஆகவே, அறையை மாற்றுவதற்கு முன், அந்தக் கூட்டத்தில் அதிகம் பேசாத ஒருவரிடம் உங்கள் விருப்பமின்மையைத் தனிமையில் சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை அழைக்கும்போது காரணங்களை அடுக்காதீர்கள். அவை விவாதத்திற்கே இடம் கொடுக்கும். "எனக்கு வேண்டாம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் பிறகும் வற்புறுத்தினால், விடுதிக் காப்பாளரிடம் தயங்காமல் கூறுங்கள்.