மூணு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டாதீங்க

வணக்கம்ங்க. பூம்பாறை மலைப்பூண்டு விக்க வெப்சைட் போடணும், பார்த்த ரிவ்யூ தளமெல்லாம் ஒரே ஹோஸ்டிங் கம்பெனியை (வெப்சைட்டை இன்டர்நெட்ல வெக்க வாடகைக்கு இடம் குடுக்கறவங்க) முதலிடத்துல வெச்சிருக்கு, மூணு வருஷத்துக்குக் கட்டினா சலுகையாம், கட்டலாமான்னு கேட்டிருந்தீங்க. இப்போ கட்டாதீங்க.

அந்தத் தளங்கள்ல நிறைய கமிஷன்ல ஓடுது. அவங்க லிங்க் வழியா நீங்க வாங்கினா எழுதினவருக்குப் பணம் போகும். கமிஷன் வாங்குறது தப்பில்லை, அதை மறைக்கிறது பெரிய தப்பு. போட்டியாளர்னு ரிவ்யூல ஒப்பிடுற ரெண்டு ஹோஸ்டிங் கம்பெனிக்கும் முதலாளி ஒருத்தராவே இருக்கலாம்: ப்ளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் ரெண்டுமே 2021-ல உருவான நியூஃபோல்ட் டிஜிட்டல் குடையின் கீழ் வந்தவை. ஆன்லைன் ரிவ்யூவுக்குன்னு நம்ம நாட்டுல 2022-ல ஐ.எஸ். 19000 தரநிலை வந்துச்சு, ஆனா கட்டாயமில்லாமத்தான் கொண்டுவந்தாங்க.

ரிவ்யூல பெரிசா போடுற விலை பெரும்பாலும் முதல் தவணைக்கு மட்டும்தான். புதுப்பிக்கும்போது ரெண்டு மடங்குக்கு மேலயும் ஏறும். அந்தத் தொகையைக் கம்பெனிகிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க. சர்வர், அதாவது உங்க சைட் இருக்கப்போற கம்ப்யூட்டர், மும்பையிலயா, அமெரிக்காவுலயான்னும் கேளுங்க. பக்கத்துல இருந்தா சைட் சீக்கிரம் திறக்கும். பூண்டு வாங்கறவங்க இங்கதானே இருக்காங்க!

மாசக் கட்டணத்துல ஆரம்பிங்க. டொமைனை, அதாவது வெப்சைட்டோட முகவரிப் பேரை மட்டும் வேற இடத்துல, உங்க பேர்லயே பதிவு பண்ணுங்க. அப்போ ஹோஸ்டிங் சரியில்லேன்னா மாறிக்கலாம்.

எந்தக் கம்பெனின்னு முடிவெடுக்க, கொடைக்கானல்ல சொந்தமா வெப்சைட் வெச்சிருக்கிற ஹோம்ஸ்டேக்காரங்களை விசாரிங்க. ஏப்ரல், மே சீசன்ல சைட் படுத்தப்போ சப்போர்ட்ல யார் பதில் சொன்னாங்க, எவ்வளவு நேரத்துலன்னு கேளுங்க. அவங்களுக்கு உங்ககிட்ட விக்கறதுக்கு எதுவும் இல்லை.